ஆலங்கட்டி அண்ணா

டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃப்ரிஸ்கோ, மெக்கின்னி என்று தமிழர்கள் வீடு வாங்கிக் குவித்திருக்கும் ஊர்களில், மார்ச் பிறந்தால் வானம் அடிக்கடி கறுக்கும். கறுத்ததும் எல்லோரும் ஓடிப்போய்க் காரை காரேஜுக்குள் விடுவார்கள். காரேஜுக்குள் இருக்கும் காரை வெளியே எடுத்து நிறுத்தும் ஆசாமியும் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவர்தான் ஆலங்கட்டி அண்ணா.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. மழை ஓய்ந்ததும் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு ஊர் மொத்தமும் இவரைக் கைகாட்டியதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பதை ஒட்டி. பகலில் ஏதோ ஒரு வங்கிக்கு டேட்டாபேஸ் பார்க்கிறார். மாலையில் மற்றவர்கள் வீட்டுக் கூரையைப் பார்க்கிறார். வாக்கிங் போகும்போது அவர் கண் நடைபாதையில் இருக்காது, அண்ணாந்தே நடப்பார். கூடப் போகிறவர்தான் நாய், குழந்தை, சைக்கிள் எல்லாவற்றிலிருந்தும் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

அண்ணாவைத் திருடர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மளிகைக் கடையில் கல்லாப் பெண் ஒரு கொத்தமல்லிக் கட்டை பில் போட மறந்துவிட்டால், கார் வரை போனவர் திரும்பி வந்து காசு கொடுப்பார். கோயில் அன்னதானத்துக்கு வருஷா வருஷம் அரிசி மூட்டை அவருடையது. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் குறள் வகுப்பும் எடுக்கிறார். ‘கள்ளாமை’ அதிகாரத்தை அவர் நடத்திய பிறகு பிள்ளைகள் பக்கத்துப் பையனிடம் அழிரப்பர் இரவல் வாங்கக்கூடத் தயங்குகின்றன. அப்பேர்ப்பட்ட மனிதர் இன்சூரன்ஸ் கம்பெனி என்றதும் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறார். கல்லாப் பெண்ணுக்கு ஒரு முகம் இருக்கிறது, சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. கம்பெனிக்கு என்ன இருக்கிறது, ஒரு லோகோவும் ஒரு டிவி விளம்பரமும்தானே.

“பதினாறு வருஷமா ப்ரீமியம் கட்டுறேன் தம்பி. ஒரு டாலர் திருப்பி வாங்கினதில்லை. அது என் காசு. என் காசை நான் எடுத்தா அதுக்குப் பேரு ஃப்ராடா?”

இதில் அண்ணாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசியில் வளர்ந்த தலைமுறை நாம். கட்டிய பணம் போனஸோடு முதிர்ந்து வந்துதான் ஆகவேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. வீடு எரியவில்லை, கூரை பறக்கவில்லை, பதினாறு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அதை நல்ல காலம் என்று அண்ணாவால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நஷ்டம் என்று குறித்துக்கொள்கிறார்.

மழை நின்ற பத்தாவது நிமிடம் போன் வரும். “உங்க பக்கம் என்ன சைஸு?” ஓர் அங்குலம், அதாவது கால் டாலர் நாணயத்தின் அகலம் இருந்தால்தான் அதைக் கடுமையான ஆலங்கட்டி என்று அமெரிக்க வானிலைத் துறை 2010 முதல் கணக்கில் எடுக்கிறது. அண்ணா நாணயத்தை நம்புவதில்லை, அவர் அளவுகோல் காய்கறிக் கடை. சுண்டைக்காய் என்றால், “விட்டுரு.” நெல்லிக்காய் என்றால், “ஃபோட்டோ எடு, பக்கத்துல ஸ்கேலை வச்சு எடு.” எலுமிச்சம்பழம் என்று சொல்லிவிட்டால் போதும், குரலில் கல்யாணக் களை வந்துவிடும். “யாருக்கும் அடி கிடி படலையே?” என்று கேட்பதும் உண்டு. அது மூன்றாவது கேள்வி.

கணக்கு இப்படி. காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனியாக ஒரு டிடக்டிபிள் வைப்பது டெக்சஸ் வழக்கம். பெரும்பாலும் அது சதவீதமாக இருக்கும். வீட்டை 5 லட்சம் டாலருக்கு இன்சூர் செய்து 2 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், கூரைச் செலவில் முதல் 10,000 டாலர் நம் பாடு. கூரை மாற்ற 22,000 ஆகிறது என்று வையுங்கள். கம்பெனி தருவது 12,000. அதையும் பொதுவாக ஒரே தடவையில் தரமாட்டார்கள். கூரையின் வயதுக்கேற்பத் தேய்மானத்தைக் கழித்து முதல் செக் வரும். வேலை முடிந்து பில்லைக் காட்டிய பிறகு, பிடித்து வைத்த தேய்மானம் இரண்டாவது செக்காக வரும். இந்த 2 சதவீதத்தை ஏஜென்டிடம் கேட்டு வாங்கியவர் அண்ணாதான். ப்ரீமியம் குறைகிறதே என்று. கூரை போன அன்றைக்கு மட்டும், “பத்தாயிரமா? பகல் கொள்ளை!” என்கிறார்.

இந்த இடத்தில்தான் காண்ட்ராக்டர் வருகிறார். டெக்சஸில் முடி வெட்ட லைசென்ஸ் வேண்டும். கூரை போட மாநில லைசென்ஸ் எதுவும் கிடையாது. ஆகவே எலுமிச்சம்பழம் விழுந்த மறுநாள் காலை, பல மாநில நம்பர் பிளேட்டுகளோடு பிக்கப் டிரக்குகள் ஏணி கட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழையும். அண்ணா அவர்களை வாசலிலேயே மறித்து, தெருவின் சார்பில் பேரம் பேசுவார். பத்துக் கூரை சேர்த்துக் கொடுத்தால் என்ன விலை, டிடக்டிபிளுக்கு என்ன வழி?

வழிகள் இருக்கின்றன. 22,000 டாலர் வேலைக்கு 32,000 என்று பில் போடுவது ஒன்று. அண்ணாவுக்கு அது பிடிக்காது, “அசிங்கம்” என்பார். அவருக்குப் பிடித்தது போர்டு வழி. காண்ட்ராக்டரின் விளம்பரத் தட்டி ஒன்றை வீட்டுப் புல்வெளியில் இரண்டு வாரம் நட்டு வைத்தால், விளம்பரக் கட்டணமாக 10,000 டாலர் பில்லில் கழித்துவிடுவார்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடி தட்டி. எதிரே இருப்பது ஒரு முட்டுச் சந்து. பார்க்கிறவர்கள் தபால்காரரும் இரண்டு அணிலும். அண்ணா சாலையில் சினிமா பேனருக்கு இடம் கொடுக்கிறவர்கள் கேட்டால் வேலையை விட்டுவிட்டு ஃப்ரிஸ்கோவுக்கு வந்துவிடுவார்கள்.

ஆஸ்டினில் சட்டம் எழுதுகிறவர்கள் இந்தப் போர்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள் போலிருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸ் இன்சூரன்ஸ் சட்டத்தொகுப்பில் 707-ஆம் அத்தியாயம் நடப்பில் இருக்கிறது. டிடக்டிபிளைப் பாலிசிதாரர் கட்டியே ஆகவேண்டும் என்கிறது அது. அவர் கட்டாமல் தப்பிக்கத் தெரிந்தே இடம்கொடுக்கும் அல்லது உதவும் காண்ட்ராக்டருக்கு 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 1,000 டாலருக்குக் குறையாத ஒப்பந்தமாக இருந்தால், இந்த விஷயத்தை 12 புள்ளி அளவில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டாவது செக்கைக் கொடுக்கும் முன், டிடக்டிபிள் கட்டியதற்கு அத்தாட்சி கொண்டுவா என்று கம்பெனி கேட்கலாம். “இன்சூரன்ஸ்காரனோட நாங்களே பேசிக்கிறோம் சார்” என்று காண்ட்ராக்டர் சொல்வாரே, அதற்கும் தடை உண்டு. தான் வேலை செய்யும் கூரைக்குத் தானே க்ளெய்ம் பேரம் பேசக்கூடாது என்ற சட்டம் செல்லும் என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பே கொடுத்துவிட்டது.

அண்ணாவிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் காண்ட்ராக்டருக்குச் சட்டம் தம்பி. நாம கஸ்டமர்” என்பார்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வரும் நாள் அவர் வீட்டில் கிட்டத்தட்ட பெண் பார்க்கும் நாள். தாலுகா ஆபீஸ் பழக்கம் விடுமா? அண்ணி ஃபில்டர் காபி போட்டு, முறுக்குத் தட்டை நீட்டுவார். வந்தவர் ஓக்லஹோமாவில் வளர்ந்த ஆறடி இளைஞன். நாலு முறுக்கைத் தின்றுவிட்டு, நன்றி சொல்லி, ஏணியில் ஏறினான். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி ஒரு சதுரம் போட்டு, உள்ளே இருக்கும் அடிகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டு எண்ணுவது அவர்கள் முறை. ஆலங்கட்டி காற்று வந்த பக்கத்துச் சரிவில் அதிகம் விழும், எதிர்ப்பக்கம் குறைவாக விழும். ஷிங்கிளில் மட்டும் விழுந்துவிட்டு ஓடாது. தகரக் குழாய், மழைநீர்க் கால்வாய், ஏ.சி. யூனிட்டின் மெல்லிய தகடு எல்லாவற்றிலும் தன் அடையாளத்தை வைத்துவிட்டுத்தான் போகும். அன்றைக்கு அந்தத் தெருவில் ஆலங்கட்டி விழுந்ததா, என்ன அளவில் விழுந்தது என்பதற்கு ரேடார் வரைபடமும் பையனின் டேப்லட்டில் இருந்தது.

அண்ணா வீட்டுக் கூரையில் நான்கு சரிவிலும் சம எண்ணிக்கையில், சம இடைவெளியில் அடி விழுந்திருந்தது. ஊடுபுள்ளியோ நேர்புள்ளியோ, மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல அத்தனை ஒழுங்கு. தகரக் குழாயில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

சுத்தியல் பிடித்தது யார்? அண்ணா இல்லை. அவருக்குக் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட வராது. காலையில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லி ஏறிய காண்ட்ராக்டர் பையன் அரைமணி நேரம் மேலே என்ன செய்தான் என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். கீழே சமையலறையில் டம்ளர் அதிர்ந்தது. “மேல என்னங்க சத்தம்?” என்று அண்ணி கேட்டபோது, டிவி சத்தத்தை ஏற்றினார். கேட்காமல் இருப்பதில் அண்ணா மேதை.

டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 35-ஆம் அத்தியாயம் இன்சூரன்ஸ் மோசடிக்கென்றே எழுதப்பட்டது. அது காண்ட்ராக்டர், கஸ்டமர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் விவரம் கொடுத்துப் பணம் கேட்கிற யாரையும், கேட்ட தொகையை வைத்துப் படி படியாக நிறுத்துகிறது. 100 டாலருக்குக் குறைவு என்றால் அபராதத்தோடு போகலாம். 2,500 டாலரிலிருந்து 30,000 டாலருக்குள் என்றால் மாநிலச் சிறைக் குற்றம். 180 நாள் முதல் 2 வருஷம். ஒரு சராசரிக் கூரை, அளவெடுத்துத் தைத்தது மாதிரி, அந்தப் படியில் போய் உட்காருகிறது.

எனக்கு இதில் புரியாத விஷயம் ஒன்று உண்டு. கிரீன் கார்டுக்கான இந்தியர் வரிசையில் பத்து வருஷத்துக்கு மேல் நின்றவர் அண்ணா. அந்தக் காலத்தில் மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்துவார். சிக்னலில் பின்னாலிருப்பவன் ஹாரன் அடித்தால், “எச்-ஒன் விசாப்பா நான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மோசடிக் குற்றம் இந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றம் என்ற பட்டியலில் வருவது. கிரீன் கார்டு இருப்பவரைக்கூட நாடு கடத்தும் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், கைதாகாமல் தப்பிய குற்றம் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்றே ஒரு கேள்வி உண்டு. பேனாவை எடுத்து ‘இல்லை’ என்று குறி போடும்போது, தலைக்கு மேலே புத்தம்புதுக் கூரை. பத்தாயிரம் டாலரைத் தவணையில் கட்டியிருக்கலாம்; சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. கட்டினால் ஏமாளி என்று ஆகிவிடுமாம். அண்ணாவுக்குச் சிறையைவிட அந்தப் பட்டம் பெரிய பயம்.

அண்ணாவின் ஆலோசனை டெக்சஸோடு நிற்பதில்லை. நம் ஊரில் இன்சூரன்ஸ் மத்திய அரசு விவகாரம். சட்டம் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒன்றுதான். இங்கே 1945-இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் இன்சூரன்ஸை மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் குற்றம் வேறு, தண்டனை வேறு, புகார் வாங்கும் ஆபீஸ் வேறு. அண்ணா மட்டும் ஐம்பதுக்கும் ஒரே மருந்து கொடுக்கிறார்.

அவர் மச்சான் நியூயார்க்கில், க்வீன்ஸில் இருக்கிறார். அங்கே கார் ப்ரீமியம் கண்ணைக் கட்டுகிறது என்று புலம்பியவருக்கு, “நியூ ஜெர்சி எடிசன்ல உன் ஃப்ரெண்டு இருக்கானே, அவன் அட்ரஸைப் போடு” என்று வழி சொன்னார். நியூ ஜெர்சியின் இன்சூரன்ஸ் மோசடித் தடுப்புச் சட்டம் இந்தத் தந்திரத்தைத் தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: வெளிமாநிலத்தில் குடியிருந்துகொண்டு நியூ ஜெர்சியில் இருப்பதாகச் சொல்லிக் கார் பாலிசி வாங்குவது மோசடி. சிவில் அபராதம் முதல் தடவைக்கு 5,000 டாலர் வரை, இரண்டாவதுக்கு 10,000, அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 15,000. துப்புக் கொடுத்து அதனால் மோசடிக்காரர் தண்டிக்கப்பட்டால், கொடுத்தவருக்கு 25,000 டாலர் வரை வெகுமதி தரும் திட்டமும் அங்கே உண்டு. இதைக் கேட்டதிலிருந்து மச்சான் எடிசன் நண்பருக்கு அடிக்கடி போன் செய்து நலம் விசாரிக்கிறார்.

ஃப்ளோரிடாவில் படிக்கும் அக்கா மகனிடம், வண்டி லேசாக உரசினாலும் கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். உரசாவிட்டால் நண்பனை விட்டு உரசச் சொல்லலாம் என்றும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கையாகப் போட்டார். பையன் மறுநாள் பதில் போட்டான்: ‘திட்டம் போட்டு விபத்து நடத்தினால் இங்கே குறைந்தபட்சமே 2 வருஷம் சிறை மாமா.’ அண்ணா ஒரு கும்பிடு எமோஜியும், சற்று நேரத்தில் இனிய காலை வணக்கமும் அனுப்பினார்.

கலிஃபோர்னியா கரடி சமாச்சாரம் வந்தபோதாவது வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தோம். 2024 ஜனவரியில் லேக் ஏரோஹெட் மலைப்பகுதியில், நிறுத்தி வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள் கரடி புகுந்து இருக்கையைக் கிழித்துவிட்டது என்று ஒரு க்ளெய்ம். சாட்சிக்கு வீடியோவும் கொடுத்தார்கள். அதே தேதி, அதே இடம், வேறு இரண்டு கம்பெனிகளில் இரண்டு மெர்சிடிஸ் கார்களுக்கும் க்ளெய்ம். அங்கேயும் ஒரு கரடி. மாநில இன்சூரன்ஸ் துறை அந்த வீடியோவை வனவிலங்குத் துறையின் உயிரியலாளரிடம் காட்டியது. இது கரடி வேஷம் போட்ட மனிதன் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டைச் சோதனை போட்டதில் கரடி உடுப்பே கிடைத்தது. மூன்று க்ளெய்மிலும் சேர்த்து 1,41,839 டாலர். நவம்பரில் நான்கு பேர் கைது. ‘ஆபரேஷன் பேர் க்ளா’ என்று பெயர் வைத்துத் துறை அந்த வீடியோவை ஊருக்கே போட்டுக் காட்டியது.

அண்ணா அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு, “ஐடியால தப்பில்லை. நடையைப் பாரு, கரடி இப்படியா நடக்கும்? ஒரு நல்ல ஆளைப் போட்டிருக்கணும்” என்றார். நாடகத்துக்கு விமர்சனம் எழுதுகிற முகபாவம்.

இவ்வளவு செய்கிறவர் ப்ரீமியம் ஏறியது என்றால் எப்படிக் கொதிப்பார் தெரியுமா? ரினியூவல் கடிதம் வந்த வாரம் யாரும் அவர் எதிரே போவதில்லை. “எதுக்குடா ஏத்துறான்? நான் என்ன பண்ணேன்?” அமெரிக்காவில் இன்சூரன்ஸ் மோசடியால் ஆண்டுக்கு 30,860 கோடி டாலர் போகிறது என்று, மோசடி எதிர்ப்புக்கென்றே இயங்கும் கூட்டமைப்பு ஒன்று 2022-இல் மதிப்பிட்டது. அந்தப் பணம் லோகோவிலிருந்து வருவதில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற, கூரைக்கு ஒழுங்காகப் பத்தாயிரம் கட்டிய, அண்ணாவால் ‘பொழைக்கத் தெரியாதவன்’ என்று கேலி செய்யப்பட்ட அந்த மதுரைக்காரரின் ரினியூவல் கடிதத்தில் இருந்தும் வருகிறது.

அண்ணாவை யாரும் துப்பறிந்து பிடிக்க வேண்டியதில்லை. அவரே சொல்வார். பிறந்தநாள் பார்ட்டியில் நாற்பது பேர் நடுவில், பிரியாணித் தட்டோடு, “ஃப்ரீ ரூஃப்பு! ஒரு டாலர் என் கையை விட்டுப் போகலை!” என்பார். அவருக்குத் தெரியாத செய்தி, டெக்சஸ் இன்சூரன்ஸ் சட்டத்தொகுப்பின் 701-ஆம் அத்தியாயம். மோசடி என்று நியாயமான சந்தேகம் வந்தவர் 30 நாளுக்குள் இன்சூரன்ஸ் துறையின் மோசடிப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஆக அவர் கதை சொல்லி முடித்து ரைத்தா போட்டுக்கொள்ளும்போது நாற்பது பேருக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது. வன்மம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காகக் கொடுத்தவர் மீது சிவில் வழக்குப் போட முடியாதபடி அதே அத்தியாயம் காப்பும் தருகிறது. யாரும் தெரிவிக்கவில்லை என்று வையுங்கள். பழைய நட்பு, பிள்ளைகள் ஒரே கராத்தே கிளாஸ், அண்ணி கொடுத்தனுப்பும் வத்தக்குழம்பு. அதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் காண்ட்ராக்டருக்கு நம்மோடு கராத்தே கிளாஸ் உறவு எதுவும் இல்லை. கூலித் தகராறில் பிரிந்துபோகும் ஒரு வேலையாள் போதும், பழைய பில்லெல்லாம் மேஜைக்கு வர.

சொல்ல விரும்புகிறவருக்கு வழி எளிது. டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையின் மோசடிப் பிரிவுக்கு ஆன்லைன் படிவம் இருக்கிறது. வேறு மாநிலமானால் அந்த மாநில இன்சூரன்ஸ் துறையின் பக்கத்தில் தேட வேண்டும். நியூ ஜெர்சியில் மோசடி வழக்குகளுக்கென்றே தனி அரசு வழக்கறிஞர் அலுவலகம் உண்டு. கம்பெனிகளிலும் இதற்கென்று சிறப்பு விசாரணைப் பிரிவு வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் தேசிய இன்சூரன்ஸ் குற்ற மையத்திடம் பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். யார், எந்த முகவரி, எந்தத் தேதி, என்ன பார்த்தீர்கள், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று எழுதினால் போதும். ‘அவன் அயோக்கியன்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். அதை முடிவு செய்வது அவர்கள் வேலை. பழைய கடன் பாக்கிக்குப் பழிவாங்க எழுதினால் மேலே சொன்ன காப்பு கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வருஷம் உங்கள் தெருவில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ விழுந்து, அண்ணா அண்ணாந்து பார்த்தபடி வந்தால், உட்கார வைத்துக் காபி கொடுங்கள். காண்ட்ராக்டர் நம்பரை மட்டும் அவரிடம் வாங்காதீர்கள். ஒப்பந்தத்தில் டிடக்டிபிள் பற்றிய அந்தத் தடித்த எழுத்து வரிகள் இருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். இல்லாவிட்டால் ஆளை மாற்றுங்கள். உங்கள் பங்கைச் செக்காகவோ கார்டிலோ கட்டி, அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது செக்குக்கு முன்னால் கம்பெனி அதைக் கேட்கலாம்.